437 டேபிள், ஒரு ஃபொரின் கீயும் இல்ல. எங்கேந்து தொடங்குற?

சம்மாந்துறை_பொடியன் · ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் சலாம், வணக்கம். அம்பாறைப் பக்கம் நெல்லு வாங்கி ஆலைக்குக் குடுக்கிற ஒரு இடத்துல மூணு மாசத்துக்கு முதல் வேலைக்குச் சேந்தன். எனக்கு முதல் இருந்தவர் கட்டாருக்குப் போயிட்டார், போகக்குள்ள தந்தது ஒரு பாஸ்வேர்டும் ஒரு வேர்ட் ஃபைலும். வேர்ட் ஃபைல்ல 61 டேபிளுக்கு விளக்கம் இரிக்கி. டேட்டாபேஸத் திறந்து எண்ணிப் பாத்தா 437.

ஃபார்மர் எண்டு ஒரு டேபிள், ஃபார்மர்_நியூ எண்டு ஒண்டு, ஃபார்மர்_நியூ2, மறுகா டெம்ப்_ஃபார்மர்_ஃபைனல். எதுல எழுதுறாங்க எதுல வாசிக்கிறாங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியா. டிபீவர் எண்ட டேட்டாபேஸ் பாக்கிற சொஃப்ட்வெயர்ல ஈஆர் படம், அதான் எந்த டேபிள் எதோட தொடர்பு எண்டு கோடு போட்டுக் காட்டுற படம், கீறச் சொன்னன். இந்த டேபிள்ல கெடக்கிற நம்பர் அந்த டேபிள்ல கட்டாயம் இரிக்கணும் எண்டு கட்டி வைக்கிற ஃபொரின் கீ ஒண்டும் இல்லாததால வந்த படத்துல ஒரு கோடு கூட இல்ல, 437 பெட்டியும் வாவிக்குள்ள அவுத்து விட்ட தோணி மாதிரித் தனித்தனியாக் கெடக்கு.

கொள்வனவு டேபிள்ல எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3 எண்டு மூணு கொலம். எக்ஸ்1 ஈரப்பதம் எண்டு நானே கண்டுபுடிச்சிட்டன், எல்லாம் 13, 14, 16 எண்டு நிக்கிது. எக்ஸ்2 முழுக்க நல், அதாவது வெறுமை. எக்ஸ்3ல பழைய ரோவுல 25, 40 எண்டு கெடக்கு, புது ரோவுல 1, 1.5 எண்டு கெடக்கு. என்னெண்டு ஆருக்கும் தெரியா, ஆனா விவசாயிக்குக் காசு கணக்குப் பாக்கிற குவெரிக்குள்ள அது ஒளிச்சிக்கிட்டு இரிக்கி.

டேட்டாபேஸ் சொஃப்ட்வெயர் போஸ்ட்கிரஸ், 14ம் வேர்ஷன். எல்லா டேபிளுக்கும் உக்காந்து விளக்கம் எழுதினா ரெண்டு வருசம் புடிக்கும், அதுக்குள்ள என்னையும் கட்டாருக்கு அனுப்பிருவாங்க.

மட்டு_வாவி · ஞாயிறு இரவு 10.05

தம்பி அது முதல் மைஎஸ்கியூஎல்ல இருந்ததா?

சம்மாந்துறை_பொடியன் · ஞாயிறு இரவு 10.11

ஓம் அண்ண. 2009ல கட்டினதாம், பிறகுதான் போஸ்ட்கிரஸுக்கு மாத்தின.

மட்டு_வாவி · ஞாயிறு இரவு 10.32

நினைச்சன். அந்தக் காலத்துல மைஎஸ்கியூஎல்ல சொல்லாம விட்டா டேபிள சேமிச்சி வைக்கிற மைஐசாம் எஞ்சின்லதான் டேபிள் உண்டாகும், 5.5ம் வேர்ஷன்லதான் ஃபொரின் கீய மதிக்கிற இன்னோடிபி எஞ்சின் டிஃபோல்ட் ஆச்சு. மைஐசாம்ல நீங்க ஃபொரின் கீ எண்டு எழுதினா அது வாசிக்கும், பிழை சொல்லாது, அப்பிடியே வீசிரும். கட்டினவர் ஒழுங்காத்தான் எழுதியிருப்பார், பாவம், டேட்டாபேஸ்தான் காதுல வாங்கல்ல. உள்ள வாற டேட்டாவுக்கு விதி வைக்கிற செக் கன்ஸ்ட்ரெயின்டும் அதே கதைதான், 2019ல 8.0.16 வேர்ஷன் வரும் வரைக்கும் எழுதலாம் ஆனா ஒண்டும் நடக்காது. நான் ஒரு வருசமா விலை பூச்சியத்த விடக் கூட இரிக்கணும் எண்டு செக் போட்டு வெச்சி நிம்மதியா நித்திரை கொண்ட ஆள். மறுகா ஒரு நாள் மைனஸ் விலையில ஒரு பில் அடிச்சி வந்திச்சி.

பழைய ஸ்கிரிப்ட் ஃபைல் எங்கயாவது கெடந்தா தேடி எடுங்க. ஓடாமப் போன அந்த ஃபொரின் கீ வரிகள்தான் உங்களுக்கு இப்ப நல்ல டொகியுமென்ட்.

கல்லாறு_கோடர் · திங்கள் காலை 7.50

நான் கொஞ்சம் எதிராச் சொல்றன், கோவிக்காதீங்க. ஃபொரின் கீ போட்டா இன்சேர்ட் ஸ்லோ ஆகும், அறுவடை நேரம் ஒரு நாளைக்கு லொறி லொறியா வரும், அந்த நேரம் கன்ஸ்ட்ரெயின்ட் எரர் அடிச்சா கேட்ல நிக்கிற ட்ரைவர் உங்களுக்குத்தான் ஏசுவான். எங்கட டீம்ல எல்லாச் செக்கிங்கும் ஆப்லதான். டேட்டாபேஸ் சும்மா பெட்டி, போட்டத வெச்சிக் கொண்டிருந்தாக் காணும்.

களுவாஞ்சி_அக்கா · திங்கள் பகல் 12.20

கல்லாறுத் தம்பி, ஒரு ஆப் மட்டும் இருந்தா நீங்க சொல்றது சரி. இந்தப் பொடியனுக்கு எத்தின ஆப் இரிக்கி எண்டு கேட்டீங்களா? கேட்ல நிறுக்கிற மெஷின் ஒண்டு எழுதும், ஒஃபிஸ்ல வெப் ஆப் ஒண்டு எழுதும், எக்கவுன்ட்ஸ்ல ஒரு பிள்ளை எக்ஸல்ல இருந்து நேரடியாக் கொண்டந்து கொட்டும், ராவு 2 மணிக்கு கட்டாருக்குப் போனவர்ர ஸ்கிரிப்ட் ஒண்டு ஓடும். செக்கிங் எந்த ஆப்ல? எல்லாரும் தாண்டிப் போற ஒரே படலை டேட்டாபேஸ்தான், பூட்டு அதுலதான் தொங்கணும்.

வேகக் கதைக்கும் வாறன். போஸ்ட்கிரஸ்ல ஃபொரின் கீ எண்டா ஒவ்வொரு இன்சேர்ட்டுக்கும் அது சுட்டுற பேரன்ட் டேபிள்ர பிரைமரி கீ, அதான் ஒவ்வொரு ரோவையும் அடையாளம் காட்டுற கொலம், அதுர இன்டெக்ஸ்ல, புத்தகத்துக் கடைசிச் சொல்லட்டவணை மாதிரி, ஒரு தேடல், அவ்வளவுதான். லொறி வாற வேகத்துக்கு அது தெரியவே தெரியாது, பத்து லட்சம் ரோ ஒரேயடியாக் கொட்டக்குள்ளதான் தெரியும். ஆக்கள் உண்மையாவே அடிபடுற இடம் வேற. மைஎஸ்கியூஎல்ல ஃபொரின் கீ போட்டா சைல்ட் பக்கத்துக் கொலத்துக்கு, அதான் சுட்டிக்காட்டுற டேபிள்ர கொலத்துக்கு, இன்டெக்ஸ் தானாவே வரும், போஸ்ட்கிரஸ்ல வராது, நீங்கதான் போடணும். போடாம விட்டுட்டு ஒரு விவசாயிய அழிக்கப் பாத்தா, அவர்ர பேர்ல கொடுப்பனவு கெடக்கா எண்டு முழு டேபிளையும் முதல்லேந்து கடைசி வரைக்கும் வாசிக்கும். நாப்பது லட்சம் ரோ இரிக்கிற டேபிள்ல ஒரு அழிப்புக்கு நான் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சி முடிச்ச. அதோட எல்லாரும் ஃபொரின் கீக்கு ஏசத் தொடங்கிருவாங்க, ஏசவேண்டியது இல்லாத இன்டெக்ஸுக்கு.

பொடியனுக்கு: 437ஐயும் மறந்திடுங்க. காசு நடக்கிற டேபிள் எத்தினை? இருவதுக்கு மேல வராது. அதுல தொடங்குங்க.

நவகிரி_வயல்காரன் · திங்கள் பின்னேரம் 5.15

அக்கா சொல்றதுதான். ஆனா பாவிக்காத டேபிள அழிக்கிற விசயத்துல மட்டும் அவசரப்படாதீங்க தம்பி. எனக்கு நடந்தத சொல்றன். எந்த டேபிள எத்தின தரம் வாசிச்ச எண்டு காட்டுற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வியூவுல பாத்தன், ஒரு டேபிள் மூணு மாசமா ஒருத்தரும் தொடல்ல, அழிச்சன். பெரும்போகம் முடிஞ்சி மாசி மாசம் விவசாயிகளுக்குப் போகக் கணக்கு முடிக்கிற அண்டைக்கு ரிப்போட் வெடிச்சிச்சி. அந்த டேபிள வருசத்துல ரெண்டே ரெண்டு தரந்தான் வாசிக்கும், பெரும்போகத்துக்கு ஒண்டு சிறுபோகத்துக்கு ஒண்டு. பேக்கப்ல இருந்து எடுத்துப் போட விடிஞ்சிட்டு.

இப்ப நான் அழிக்கிறல்ல. சந்தேகம் எண்டு ஒரு ஸ்கீமா, அதான் டேபிளுகள வைக்கிற ஃபோல்டர் மாதிரி ஒண்டு, செஞ்சி அதுக்குள்ள தூக்கிப் போடுவன், கத்துறாங்களா எண்டு பாப்பன். ரெண்டு போகமும் தாண்டி ஒருத்தரும் கத்தல்லயா, அப்பதான் டம்ப் ஒண்டு எடுத்து வெச்சிட்டு அழிக்கிற. கடைசியா எப்ப வாசிச்ச எண்டு நேரத்தோட காட்டுற கொலம் 16ம் வேர்ஷன்லதான் வந்த, உங்கட 14ல எத்தின தரம் எண்ட எண்ணிக்கை மட்டுந்தான். அதால ஒவ்வொரு கிழமையும் அந்த எண்ணிக்கைய ஒரு டேபிள்ல எடுத்து வெச்சி வித்தியாசம் பாருங்க.

போகம் எண்ட உடனதான் ஞாபகம் வருது, உங்கட போகக் கொலம் என்ன டைப்?

சம்மாந்துறை_பொடியன் · திங்கள் இரவு 8.30

வருசம் எண்டு ஒரு இன்டிஜர் கொலம். பெரும்போகத்துக்கு சிலது 2022, சிலது 2023.

நவகிரி_வயல்காரன் · திங்கள் இரவு 8.41

பெரும்போகம் ஒக்டோபர்ல விதைச்சி அடுத்த வருசம் வெட்டுற, அத ஒரு வருசத்துக்குள்ள அடைச்சா இப்பிடித்தான். விதைச்ச வருசத்தப் போட்டவனும் சரி வெட்டின வருசத்தப் போட்டவனும் சரி, டேபிள்தான் பிழை. போகத்துக்குத் தனி டேபிள் வையுங்க, 2022/23 பெரும்போகம் எண்டு பேர், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி. அதும் குளத்துக்குக் குளம் வேற, உன்னிச்சைக்கு பயிர்ச்செய்கைக் கூட்டத்துல வெச்ச திகதியும் நவகிரிக்கு வெச்ச திகதியும் ஒண்டா இரிக்க வேணும் எண்டில்ல. ஒரே குளத்துக்கு ரெண்டு போகம் திகதி மேல திகதி விழக்கூடாது எண்டத போஸ்ட்கிரஸ்ல எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயின்டால சொல்லலாம், குளம் சமன், திகதி வீச்சு ஒண்டோடொண்டு முட்டக்கூடாது எண்டு ஒரே வரி. பிட்ரீ_ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் போட்டாத்தான் சமன் பாக்கிற பகுதி ஓடும். ஆப்ல இத எழுதினா ரெண்டு பேர் ஒரே நேரம் சேவ் பண்ணக்குள்ள ரெண்டும் உள்ள போயிரும்.

கல்லாறு_கோடர் · திங்கள் இரவு 9.02

அந்த எக்ஸ்குளூஷன் எனக்குத் தெரியாது, உண்மையாவே நல்லாரிக்கி. ஆனா இன்னும் சொல்றன், கேட்ல லொறி நிக்கக்குள்ள எரர் வரக்கூடாது.

படுவான்கரை · செவ்வாய் காலை 6.30

காணி அளவ எப்பிடி வெச்சிரிக்கீங்க எண்டும் பாருங்க. எங்களுக்கு ஒரு சங்கத்துல இருந்து வந்த டேட்டாவுல 2.3 ஏக்கர் எண்டு கெடந்திச்சி, அது ரெண்டு ஏக்கர் மூணு றூட், றூட் எண்டா கால் ஏக்கர், அதுல 40ல ஒண்டு பேர்ச். பக்கத்து ரோவுல 2.3 எண்டா உண்மையாவே ரெண்டு தசம் மூணு. ஏக்கர், றூட், பேர்ச் மூணு கொலம் வெச்சி, றூட் 0 தொடக்கம் 3, பேர்ச் 40ஐ விடக் குறைய எண்டு செக் போட்டா அந்தக் குழப்பம் வாசல்லயே நிண்டிரும். ஒரு விசயம், செக் கன்ஸ்ட்ரெயின்ட் நல் வந்தா விட்டுரும், பொய் எண்டாத்தான் மறிக்கும், தெரியா எண்டா மறிக்காது. அதால வெறுமையா விடக்கூடாது எண்ட நொட் நல்லும் சேத்துப் போடணும். ஒண்டு ரெண்டு தரம் வரக்கூடாது எண்ட யுனிக்கும் அப்பிடித்தான், நல் எத்தின வந்தாலும் எல்லாம் வேற வேற எண்டு எடுத்துக்கொள்ளும், 15லதான் அத மாத்துற வழி வந்த.

கொக்கட்டிச்சோலையான் · செவ்வாய் காலை 9.10

ஊர்ப் பேர் கொலத்துல யுனிக் போட்டிருந்தும் எங்கட ஊர் ரெண்டு தரம் கெடந்திச்சி. ரெண்டும் கொக்கட்டிச்சோலை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல, பிரின்ட் எடுத்துப் பாத்தும் இல்ல. நீளத்த எண்ணச் சொன்னன், ஒண்டு 15 மற்றது 17. ஒண்டுல கொவுக்கும் சோவுக்கும் ஒத்தைக் குறி, மற்றதுல கொம்பு தனிய கால் தனிய, எந்தக் கீபோட்ல அடிச்சாங்களோ. டேட்டாபேஸுக்கு அது ரெண்டு ஊர். 13ல இருந்து நோர்மலைஸ் எண்டு ஒரு ஃபங்ஷன் இரிக்கி, ஒரே எழுத்த எப்பவும் ஒரே விதமா வைக்கிற என்எஃப்சி வடிவமாக்கிட்டு, இனி வாறதும் என்எஃப்சியா இரிக்கணும் எண்டு செக் போட்டன். பழைய எக்ஸல்ல பாமினி எண்ட பழைய ஃபொன்ட்டுல அடிச்சி வெச்சது ஏதும் வந்தா அது வேற கருமாதி, அது டேட்டாபேஸுக்குள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாத்தான் நிக்கும், முதல் யூனிகோட்டுக்கு மாத்தாம உள்ள விடாதீங்க.

பிரதேச செயலகப் பேரையும் எழுத்தா வைக்காதீங்க. மட்டக்களப்புல 14 பிரிவு, அதுல மண்முனை எண்டு தொடங்குறது அஞ்சு, கோறளைப்பற்று எண்டு தொடங்குறது அஞ்சு. கோறளையக் கோரளை எண்டு அடிக்கிற ஆக்கள் தனி. பேர் பட்டியலுக்குத் தனி லுக்கப் டேபிளும் ஒவ்வொண்டுக்கும் குறியீட்டு நம்பரும் வெச்சி ஃபொரின் கீயால கட்டுங்க.

மட்டு_வாவி · செவ்வாய் காலை 9.48

தம்பி ஃபார்மர் டேபிள்ர பிரைமரி கீ என்ன? அடையாள அட்டை நம்பர் எண்டு மட்டும் சொல்லிராதீங்க.

சம்மாந்துறை_பொடியன் · செவ்வாய் பகல் 1.05

அடையாள அட்டை நம்பர்தான் அண்ண.

மட்டு_வாவி · செவ்வாய் பகல் 1.20

😂 2016ல இருந்து புது அட்டை 12 இலக்கம், பழசு 9 இலக்கமும் ஒரு எழுத்தும். ஒரே ஆள் பழைய அட்டையோட ஒருக்காப் பதிஞ்சி, புது அட்டை எடுத்த பிறகு இன்னொருக்காப் பதிஞ்சிருப்பார். பழசப் புதுசா மாத்துறது லேசு, முன்னுக்கு 19, பிறகு முதல் அஞ்சு இலக்கம், ஒரு பூச்சியம், மிச்ச நாலு. அப்பிடி எல்லாத்தையும் 12 ஆக்கிப் பாருங்க எத்தின பேர் ரெட்டையா நிக்கிறாங்க எண்டு. பிரைமரி கீக்கு ஒரு சும்மா ஓடுற நம்பர், அட்டை நம்பருக்கு யுனிக்கும் செக்கும். செக்ல நாள் இலக்கத்தையும் பாக்கலாம், 1 தொடக்கம் 366, பொம்பிளையளுக்கு 500 கூட, அதால 501 தொடக்கம் 866. அதுக்கு வெளிய வந்தா அடிச்சதுல பிழை.

தமிழ்ல_பேர்வை · செவ்வாய் இரவு 10.15

ஏன் டேபிள் பேரத் தமிழ்லயே வைக்கப்படாது? போஸ்ட்கிரஸ் ஏத்துக்கொள்ளுமே. எக்ஸ்3 எண்டு வைக்கிறதுக்கு இது திறம்தானே.

களுவாஞ்சி_அக்கா · புதன் காலை 8.00

ஏத்துக்கொள்ளும், நானும் ஆசைப்பட்டுச் செஞ்ச. பேருக்கு 63 பைட்தான் இடம், எங்கட எழுத்துல ஒவ்வொரு குறியும் மூணு மூணு பைட் தின்னும், புள்ளியும் கொம்பும் உட்பட. விவசாயி_கொடுப்பனவு_விபரம் எண்டு வெச்சன், விவசாயி_கொடுப்பனவு_விப எண்டு வெட்டிப்போட்டு ஒரு நோட்டிஸ் மட்டும் காட்டிச்சி. மறுகா விவசாயி_கொடுப்பனவு_விபரப்பட்டியல் எண்டு இன்னொண்டு உண்டாக்கப் போனா ஏற்கனவே இரிக்கி எண்டுது. பேர் இங்கிலீஷ்ல சின்னதா இரிக்கட்டும், தமிழக் கொமென்ட்டுல தாராளமா எழுதுங்க, அதுக்கு அந்த எல்லை இல்ல.

அதத்தான் நான் முதல்லயே சொல்ல வந்த. வேர்ட் ஃபைல்ல எழுதாதீங்க. கொமென்ட் ஒன் டேபிள், கொமென்ட் ஒன் கொலம் எண்டு டேட்டாபேஸுக்குள்ளயே எழுதுங்க. பேக்கப் எடுத்தா அதும் சேந்து போகும், டேபிளப் புரட்டிப் பாக்கிறவன் கண்ணுல படும், ஸ்கீமாஸ்பை எண்ட டூல ஓட்டினா எல்லாம் வெப் பக்கமா வந்திரும், டேபிளுக்கிடையில கோடும் சேத்துத்தான். என்ன எழுதுற எண்டா, விலை எண்ட கொலத்துக்கு இது விலை எண்டு எழுதாதீங்க மனே, அது பேர்லயே இரிக்கி. கிலோவுக்கா புசலுக்கா மூட்டைக்கா, கழிவுக்கு முதலா பிறகா, நல் எண்டா இன்னும் நிறுக்கல்லயா இல்லாட்டி தேவையில்லயா, இதத்தான் எழுதணும். ஒரு கொலத்துக்காக அரை நாள் அலைஞ்சி ஒரு விசயம் கண்டுபுடிச்சா, அந்த நிமிசமே கொமென்ட் போட்டுட்டு எழும்புங்க. எக்ஸ்1க்குப் போட்டீங்களா?

சம்மாந்துறை_பொடியன் · புதன் காலை 8.22

போடல்ல அக்கா 🙈 இப்ப போடுறன்.

நவகிரி_வயல்காரன் · புதன் காலை 11.40

ஒழுங்குபடுத்துறதுக்கு ஸ்கீமாவப் பாவியுங்க. கொள்வனவு, களஞ்சியம், சம்பளம் எண்டு பிரிச்சி டேபிள அதுக்குள்ள மாத்துங்க, டேட்டா நகராது, பேர்தான் நகரும், அதால டக்கெண்டு முடியும். பழைய ஆப் முன்னுக்கு ஸ்கீமாப் பேர் போடாம எழுதியிருந்தா அந்த யூசர்ர சேர்ச் பாத்ல, அதான் எந்தெந்த ஸ்கீமாவுல தேடுற எண்ட வரிசையில, எல்லா ஸ்கீமாவையும் போட்டு விடுங்க. ரெண்டு ஸ்கீமாவுல ஒரே பேர்ல டேபிள் மட்டும் வைக்காதீங்க, எது முன்னுக்கு நிக்கிதோ அதத்தான் எடுக்கும், அது பேய் புடிச்ச மாதிரி ஒரு பிழை.

கல்லாறு_கோடர் · புதன் பின்னேரம் 4.00

சரி, எல்லாரும் கன்ஸ்ட்ரெயின்ட் போடு போடு எண்டுறீங்க, 2009ல இருந்து கெடக்கிற குப்பை டேட்டா மேல எப்பிடிப் போடுற? முதல் ரோவுலயே எரர் அடிக்கும்.

களுவாஞ்சி_அக்கா · புதன் இரவு 7.35

இது நல்ல கேள்வி. நொட் வாலிட் எண்டு கடைசியில சேத்துப் போடுங்க. பழச விட்டுட்டு இண்டைலேந்து வாற ரோவ மட்டும் பாக்கும், போடவும் நேரம் எடுக்காது. பிறகு ஆறுதலாப் பழசத் திருத்திட்டு வாலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட் ஓட்டுங்க, அது ஓடக்குள்ள ஆக்கள் எழுதலாம் வாசிக்கலாம், உங்கட லொறியும் நிக்காது. ஒரு பொறி இரிக்கி: செக்க நொட் வாலிட்டாப் போட்ட பிறகு பழைய பிழை ரோ ஒண்டுல வேற ஏதோ கொலத்த மாத்தினாலும் முழு ரோவையும் பாத்து எரர் அடிக்கும். அதால அறுவடைக்கு நடுவுல இந்த வேலை பாக்காதீங்க. நொட் நல்லுக்கு 14ல நேரா இந்த வழி இல்ல, நல் இல்ல எண்டு ஒரு செக்க நொட் வாலிட்டாப் போட்டு, வாலிடேட் பண்ணிட்டு, பிறகு நொட் நல் ஆக்குங்க, திரும்ப டேபிள முழுக்க வாசிக்காம அந்தச் செக்க நம்பி எடுத்துக்கொள்ளும்.

பேரும் நீங்களே வையுங்க கன்ஸ்ட்ரெயின்டுக்கு. ராவு எரர் வரக்குள்ள பேர்ச்_40க்குக்_குறைய மாதிரி ஒண்டு தெரிஞ்சா எக்கவுன்ட்ஸ் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

சம்மாந்துறை_பொடியன் · மூணு கிழமைக்குப் பிறகு, சனி இரவு 9.15

வந்துட்டன். காசு நடக்கிற டேபிள் 23 வந்திச்சி அக்கா, உங்கட கணக்குக்குக் கிட்டத்தான். 19க்கு ஃபொரின் கீ நொட் வாலிட்டாப் போட்டன், இன்டெக்ஸும் போட்டன். கேட்ல ஒருத்தரும் ஏசல்ல கல்லாறு அண்ண. எக்கவுன்ட்ஸ் பிள்ளைதான் முதல் நாள் எக்ஸலக் கொட்டக்குள்ள ரெண்டு தரம் கோல் எடுத்திச்சி, ரெண்டு தரமும் அது அடிச்ச விவசாயி நம்பர்தான் பிழை.

வாலிடேட்ல கொடுப்பனவு டேபிள் விழுந்திச்சி. ஆளில்லாத 38 ரோ. தேடிப் பாத்தா மட்டு_வாவி அண்ண சொன்னதுதான், புது அட்டையோட திரும்பப் பதிஞ்ச ஆக்கள், ஆரோ ரெட்டை எண்டு பழைய ரோவ அழிச்சிரிக்காங்க, பழைய நம்பர்ல கெடந்த கொடுப்பனவு அநாதையா நிண்டிட்டு. அதுல ஒம்பது பேருக்கு மிச்சக் காசு குடுக்க வேண்டி இருந்திரிக்கி. மனேஜர்ட்ட லிஸ்ட்டக் குடுத்திட்டன், குடுக்கிறம் எண்டிரிக்காங்க.

எக்ஸ்3யும் தெரிஞ்சிட்டு. பென்சன் எடுத்துப் போன பழைய கணக்கப்பிள்ளை நிந்தவூர்ல இரிக்கார் எண்டு கேள்விப்பட்டு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு போனன். லெப்டொப்பத் திறந்து காட்டினன், கண்ணாடியப் போட்டு ஒரு நிமிசங்கூடப் பாக்கல்ல, அது சாக்குக் கழிவு தம்பி எண்டார். முதல்ல ஒரு சாக்குக்கு இத்தின ரூபா எண்டு கழிச்சாங்களாம். ஆக்கள் சண்டை புடிக்க, 2015 சிறுபோகத்துல இருந்து மூட்டைக்கு இத்தின கிலோ எண்டு நிறையில கழிக்கத் தொடங்கினாங்களாம், கொலம் மட்டும் மாறல்ல. அவர் வாசல்ல இரிக்கக்குள்ளயே கொமென்ட் போட்டுட்டன்:

"சாக்குக் கழிவு. 2015 சிறுபோகத்துக்கு முதல்: ஒரு சாக்குக்கு ரூபா. அதுக்குப் பிறகு: ஒரு மூட்டைக்கு கிலோ. நல் எண்டா விவசாயி சொந்தச் சாக்குல கொண்டந்தது, பூச்சியம் இல்ல."

களுவாஞ்சி_அக்கா · சனி இரவு 9.40

ஒரு கொலத்துக்குள்ள ரூபாவும் கிலோவும். ரெண்டாப் பிரியுங்க மனே, ஒரு ரோவுல ரெண்டும் ஒரேயடியா நிக்கக்கூடாது எண்டு செக்கும் போடுங்க.

கல்லாறு_கோடர் · சனி இரவு 9.52

எக்ஸ்2 என்னெண்டு கேட்டீங்களா?

சம்மாந்துறை_பொடியன் · சனி இரவு 9.58

கேட்டன். சிரிச்சார். அது அவர் கேட்டு வாங்கின கொலமாம், என்னத்துக்கு எண்டு அவருக்கே மறந்திட்டாம்.